கொடுங்கோலும் கேலிச்சித்திரமும்

கோவலனை வெட்டியது ஒரு காவலனின் வாள். கண்ணகி நியாயம் கேட்டதோ பாண்டியனிடம். ஆயுதம் ஏந்தியவன் செய்த கொலைக்கு அரியணை பதில் சொல்லியாக வேண்டும். மன்னர்களைச் சாடும் கேலிச்சித்திரத்தை நான் உரசிப் பார்ப்பது இந்தக் கல்லில்தான். மூக்கை நீட்டி, தொப்பையைப் பெருக்கி வரைந்தால் சிரிப்பு வரும். சிந்திய ரத்தத்துக்கும் அரண்மனைக்கும் உள்ள தொடர்பு தெரிகிறதா என்பதே கேள்வி.

என் கணிப்பில் பிரெஞ்சு மரபே இதில் முதன்மையானது. 1831இல் ஓவியர் ஃபிலிப்போன், லூயி ஃபிலிப் மன்னரின் முகத்தைப் பேரிக்காயாக்கினார். ஏழைகளின் காசை விழுங்கும் பூதமாக அவரை வரைந்த ஓவியர் தோமியே சிறைக்குப் போனார். ஆனால் தோமியேயின் சிகரம் 1834இல் வந்த ‘திரான்ஸ்நோனேன் தெரு’. கலகத்தை அடக்க வந்த படையினர் பாரிஸில் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து, அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். படத்தில் சிப்பாய் இல்லை, மன்னரும் இல்லை. கலைந்த கட்டிலில் முதுகு சாய்ந்து, இரவுச் சட்டையோடு ஒருவர் செத்துக் கிடக்கிறார். அவர் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை. ஒரு கோட்டில்கூட மிகை கிடையாது. அரசு அந்த அச்சுக்கல்லையே பறிமுதல் செய்தது. மறு ஆண்டு கேலிச்சித்திரங்களுக்கு முன்தணிக்கை வந்தது.

1905 ஜனவரியில், ருஷியாவில் ஜாரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்த தொழிலாளர்களைப் பீட்டர்ஸ்பர்க்கில் படை சுட்டது. கலைக்கழக ஜன்னல் வழியே அதைக் கண்ட ஓவியர் சேரோவ், கழகத்தின் உறுப்பினர் பதவியையே துறந்தார். படைக்குப் பொறுப்பாக இருந்த ஜாரின் சித்தப்பாதான் அந்தக் கழகத்துக்கும் தலைவர். ‘ஷூப்பெல்’ இதழில் ஓவியர் பிலீபின், அரச அலங்காரச் சட்டத்துக்குள் ஒரு கழுதையை வரைந்து கைதானார். துணிச்சலான படம்தான். இருந்தாலும், நிராயுதபாணிகள்மேல் சிப்பாய்கள் பாய்வதை அதே இதழில் சேரோவ் வரைந்தாரே, அந்தப் படமே எனக்குப் பெரிது.

லண்டன் ‘பஞ்ச்’ 1906இல் பெல்ஜிய மன்னர் லியோபோல்டை, காங்கோ மனிதனைச் சுற்றி நெரிக்கும் ரப்பர்ப் பாம்பாக வரைந்தது. அருமையான கற்பனை. ஆனால் 1857 கிளர்ச்சியின்போது வங்கப் புலிமேல் பாயும் பிரிட்டிஷ் சிங்கத்தை வரைந்து, பழிவாங்கலைக் கொண்டாடியதும் இதே இதழ்தான். அடுத்த நாட்டு மன்னனைக் கண்டிப்பவர் தன் அரியணைமுன் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தமிழில் இந்தக் கலையைத் தொடங்கிவைத்தது 1906இல் சென்னையில் பிறந்த ‘இந்தியா’ வார இதழ். அதை நடத்திய பாரதி படம் வரைந்தவரல்லர். கருத்தும் விளக்கமும் அவருடையவை. ருஷியப் புரட்சியைப் பற்றி அதே இதழில் எழுதியவர், படங்களில் ஆங்கில ஆட்சியைக் குறிவைத்தார். ராஜத்துரோகச் சட்டம் பாய்ந்தது. 1908இல் இதழின் பெயரளவு ஆசிரியர் சீனிவாசன் சிறைப்பட்டார். இதழ் புதுச்சேரிக்குப் போய் 1910 வரை நடந்தது. அந்தப் படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி 1994இல் ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்று நூலாகத் தொகுத்தார். கோடு பழகும் பிள்ளைகளின் கையில் அந்த நூலையும் தோமியேயின் அந்த ஒரு படத்தையும் கொடுக்க வேண்டும்.