மழைக்கோட்டு ரசிகர்கள்

வெட்டவெளி இசைவிழாவுக்குப் போகிறவர்கள் வானம் வெளுத்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். தைவானின் வடகிழக்குக் கரையில், ஃபூலோங் கடற்கரையில் நடக்கும் ஹோ-ஹாய்-யான் ராக் விழாவைப் பொறுத்தவரை என் வேண்டுதல் வேறு. ஒரு தூறலாவது விழ வேண்டும். மழை வந்தால்தான் அந்த நாட்டு இளைஞர்கள் பாட்டை எப்படிக் கேட்கிறார்கள் என்பது முழுதாகத் தெரியவரும். மேடையில் நிற்பவர்களின் கலைக்குக் குறையாத கலை அது.

தைப்பேயிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஃபூலோங் நிலையத்தில் இறங்கினால் அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த சோற்றுப் பெட்டி கிடைக்கும்: சோறு, பன்றியிறைச்சி, முட்டை, முட்டைக்கோஸ். பக்கத்துக் கடையில் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு. விழா நடப்பது கோடையில். அது சூறாவளிக் காலமும்கூட. பிற்பகலில் மலைப்பக்கம் மேகம் திரண்டால் அரை மணியில் கொட்டிவிடும். ஆனாலும் கூட்டத்துக்குள் யாரும் குடை விரிப்பதில்லை. விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை மறைந்துவிடும். மழைக்கோட்டு, கழுத்தில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு, இவ்வளவுதான் தயாரிப்பு. அடுத்தவர் கண்ணுக்கு வழிவிடுவதில் தொடங்குகிறது இவர்களுடைய ரசனை.

மழையில் ஒலி மாறுவதைக் கவனிக்க வேண்டும். வறண்ட காற்றில் தேய்ந்துபோகும் மேல்ஸ்தாயி ஒலிகள் ஈரக்காற்றில் அவ்வளவாகத் தேய்வதில்லை. சிம்பலின் சிலிர்ப்பும் கிட்டார் நுனித்தந்தியின் கூர்மையும் பின்வரிசை வரை தெளிவாக வந்து சேரும். ஆனால் பிளாஸ்டிக்கில் விழும் துளிகளின் சடசடப்பும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. சிறிய மேடை ஒன்றில் இளம் குழு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. கிட்டார்காரர் காலடியில் இருந்த பெடல்களை பாலிதீன் தாளால் மூடி, அதன் மேலேயே மிதித்து மிதித்து ஒலியை மாற்றினார். நடுவில் பாட்டு மெலிந்து, பேஸும் குரலும் மட்டும் மிஞ்சின. முன்னால் நின்ற ஒரு பெண் தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். பக்கத்தில் இரண்டு பேர், பிறகு அந்த வரிசையே. தலை நனைந்தால் நனையட்டும், காது திறந்திருக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. டிரம்ஸ் திரும்ப இறங்கியதும் அதே கூட்டம் மணலில் குதித்தது, ஒருவரையொருவர் மோதியது. வழுக்கி விழுந்தவரைச் சுற்றி ஒரு நொடியில் இடம் பிறந்து நாலு கைகள் தூக்கிவிட்டன. யாருடையதோ மூக்குக்கண்ணாடி ஒன்றை ஒருவர் உயரப் பிடித்துக்கொண்டே ஆடினார்.

இந்தப் பக்குவத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தைவானில் 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம். பாட்டுகள் தணிக்கைக்குப் போயின. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்தச் சட்டம் போய் எட்டே ஆண்டில், 1995-இல், தென்முனைக் கெண்டிங்கில் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் ஸ்பிரிங் ஸ்க்ரீம் விழாவைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு தைப்பேயில் ஃபோர்மோஸ் விழா பிறந்தது. கோயில் வாசலில் திறந்த மேடை போட்டு ஆடும் பழைய கூத்து மரபிலிருந்துதான் அது தன் சீனப் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தக் கூத்துக்கு முதல் ரசிகர் தெய்வம். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. ஃபூலோங்கில் அடைமழையில் வாசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்த மரபு அறுந்துபோகவில்லை என்றே தோன்றுகிறது.

ஹோ-ஹாய்-யான் 2000-இல் தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்த தைவான் கலர்ஸ் மியூசிக் நிறுவனம், பூர்வகுடிக் கலைஞர்களின் பாட்டுகளைத் தேடி வெளியிட்டு வந்தது. பூயுமா இனத்துப் போலீஸ்காரர் சென் சியென்-நியென் அந்த நிறுவனத்துக்குப் பாடிய ‘கடல்’ என்ற ஆல்பத்துக்காக அதே 2000-இல் தைவானின் உயரிய இசை விருதான கோல்டன் மெலடியில் சிறந்த பாடகராகத் தேர்வானார். தெற்கே மெய்நோங்கில் லின் ஷெங்-ஷியாங்கின் குழு, அணைக்கட்டுத் திட்டத்தை எதிர்த்து ஹக்கா மொழியில் பாடிய பாட்டுகளைப் புகையிலை உலர்த்தும் கொட்டகையில் பதிவுசெய்தது. ஒரு காலத்தில் வாயில் எடுக்கக் கூசிய மொழிகள் இன்று இளைஞர்கள் கூடும் மேடைகளில் தலைநிமிர்ந்து ஒலிக்கின்றன. புரியாத மொழிப் பாட்டுக்கும் கூட்டம் அதே கவனத்தோடு நிற்பதைப் பார்க்கலாம்.

2014-இல் மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அமர்ந்த சூரியகாந்திப் போராட்டத்துக்கு, காவ்ஷியுங் நகரத்து ஃபயர் இஎக்ஸ் குழு தைவானிய ஹொக்கியனில் ஒரு பாட்டுப் போட்டது. அடுத்த ஆண்டு கோல்டன் மெலடி விருதில் ஆண்டின் சிறந்த பாடல் அதுதான். 2017-இல் அந்த இடத்துக்கு வந்தவர்கள் நோ பார்ட்டி ஃபார் ட்ஸாவ் டோங். சம்பளம் ஏறாமல் வீட்டு விலை மட்டும் எட்டாத உயரத்துக்குப் போன தலைமுறையின் சலிப்பு அவர்கள் குரலில் அப்படியே இருக்கிறது. அறையில் தனியாகக் கேட்டால் மனம் கனத்துப்போகும். வெட்டவெளியில் ஆயிரக்கணக்கானவர்கள் தொண்டை கிழியச் சேர்ந்து பாடும்போது அதே சலிப்பு பலமாகிவிடுகிறது. இந்த மாற்றம் ஒலிப்பதிவில் கிடைக்காது. கூட்டம் என்ற இன்னொரு வாத்தியம் சேரும்போதுதான் அந்தப் பாட்டுகள் முழுமையடைகின்றன.

ஆகவே தைவானின் ராக் இசையை அறிய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆல்பங்களில் தொடங்குங்கள். பிறகு வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கோடையில் ஃபூலோங் போங்கள். பேர்பெற்ற குழுக்கள் வரும் பெரிய மேடையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, புதியவர்கள் வாசிக்கும் இடத்தில் நில்லுங்கள். மழை பிடித்தால் ஒதுங்க இடம் தேடாதீர்கள். ஒரு பாட்டு நேரமாவது மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தின் முகங்களைப் பாருங்கள். கேட்பதை இவ்வளவு பொறுப்போடு செய்யும் இளைஞர்கள் இருக்கும் நாட்டில் நல்ல பாட்டு பிறந்துகொண்டேதான் இருக்கும்.