மணி மணியாய் ஒரு நிறம்

புதிதாக ஷிங்கிள் வேய்ந்த கூரையில் முதல் மழை பெய்து ஓய்ந்ததும், பீலிக் குழாய் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கைப்பிடி கல்குருணை குவிந்திருக்கும். வேயும்போது உதிர்ந்தவையும் ஆலையிலேயே ஒட்டாமல் மிஞ்சி வந்தவையும்தான் அவை. கூரைக்கு அதனால் கெடுதி இல்லை. அதை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். தெருவிலிருந்து பார்த்தால் அந்தக் கூரை நல்ல பழுப்பு. கையில் காவி இருக்கிறது, கரி நிறம் இருக்கிறது, மங்கிய வெள்ளை, சாம்பல், கருஞ்சிவப்பு இருக்கின்றன, தேடினால் பச்சைகூட ஒன்றிரண்டு அகப்படும். நாம் பார்த்த அந்தப் பழுப்பு மட்டும் எந்த மணியிலும் இல்லை.

கூரைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இந்தக் குருணையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

நான் வசிக்கும் டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கங்களில் தனிவீடு என்றால் அநேகமாகத் தார் ஷிங்கிள் கூரைதான். கண்ணாடி இழைப் பாயைத் தாரில் தோய்த்து, மேலே கல்குருணையைத் தூவி அழுத்தினால் ஷிங்கிள். சுருளாக விற்ற தார்ப்பாயைத் துண்டு துண்டாக வெட்டி வேயும் வழக்கத்தை 1903இல் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் தொடங்கிவைத்தவர் ஹென்ரி ரெனால்ட்ஸ். அந்தக் காலத்தில் தூவியது நொறுக்கிய சிலேட்டுக் கல். வெர்மான்ட் மலைகளில் பச்சையும் ஊதாவும் சாம்பலும் கிடைத்தன, எல்லையைத் தாண்டி நியூயார்க் மாநிலத்துக் கிரான்வில் பக்கம் போனால் சிவப்பு. மலை கொடுத்ததுதான் கூரைக்கு நிறம். 1930களில் குருணைக்கு நிறமேற்றிச் சுடும் தொழில் வளர்ந்த பிறகே, எந்த நிறம் வேண்டும் என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்க முடிந்தது.

அந்தத் தொழிலின் நேர்த்தியைச் சொல்லியே ஆகவேண்டும். கடினமான பாறையை நொறுக்கிச் சலித்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மணிகளாகப் பிரிக்கிறார்கள். சோடியம் சிலிகேட்டும் வெண்களிமண்ணும் நிறமியும் கலந்த குழம்பில் புரட்டி, சுழலும் சூளையில் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பீங்கான் தோல் வந்துவிடுகிறது. செம்மைக்கு இரும்பு ஆக்சைடு, பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு, வெண்மைக்கு டைட்டானியம் டையாக்சைடு. உள்ளே இருக்கும் பாறை ஒளி ஊடுருவாததாக இருக்கவேண்டும் என்பது முக்கியம். பளிங்கு மணலைத் தூவினால் புற ஊதாக் கதிர் அதன் வழியே இறங்கி, அடியிலுள்ள தாரைக் காயவைத்து வெடிக்கச் செய்துவிடும். தாருக்கு வெயில் படாமல் மறைப்பதே குருணையின் முதல் வேலை. அழகு அதற்கு அடுத்ததுதான் என்றாலும், அந்த இரண்டாவது வேலையை அது எவ்வளவு நுட்பமாகச் செய்கிறது!

பட்டுச் சேலை கட்டுகிறவர்களுக்கு இந்தக் கலவையின் சூட்சுமம் புதிதல்ல. பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடினால் மயில்கழுத்து. நூல்கள் தனித்தனியாகவே இருக்கின்றன, கலப்பு கண்ணில் நிகழ்கிறது. ஒரே சாயத்தில் தோய்த்தெடுத்த துணிக்கு அந்த உயிரோட்டம் வராது. கூரையிலும் அப்படித்தான். ஒரே பழுப்பு மணியால் நிரப்பிய ஷிங்கிள் பூசிவிட்ட சுவரைப்போல மந்தமாகக் கிடக்கும். காவியும் கரியும் வெள்ளையும் சேர்ந்து உண்டாக்கும் பழுப்பு, பார்க்கும் தொலைவுக்கும் பொழுதுக்கும் ஏற்ப அசைந்துகொண்டே இருக்கும்.

தொலைவு என்றேன். கணக்காகவே சொல்லலாம். இரண்டு புள்ளிகள் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவாவது விலகியிருந்தால்தான் நல்ல கண்ணுக்குக்கூட அவை இரண்டாகத் தெரியும். அதன்படி ஒன்றரை மில்லிமீட்டர் மணி ஐந்து மீட்டருக்கு அப்பால் பக்கத்து மணியோடு கரைந்துவிடுகிறது. ஏணியில் நிற்பவர் மணியைப் பார்க்கிறார், முற்றத்தில் நிற்பவர் நிறத்தைப் பார்க்கிறார். இதற்கு மேல் இன்னொரு கலவையும் உண்டு. ஆலையில் குருணையை ஒரே சீராகத் தூவுவதில்லை. ஓரிடத்தில் காவி தூக்கலாக, அடுத்த சாணில் கரி தூக்கலாக, திட்டுத் திட்டாகத் தூவுகிறார்கள். அந்தத் திட்டுகள் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் கலைந்துபோவதில்லை. மணிகள் கரைந்து திட்டாகி, திட்டுகள் சேர்ந்து கூரையாகின்றன. கடையில் மேசைமேல் வைத்துப் பார்க்கும் கையகல மாதிரியில் முதல் கலவை மட்டுமே இருக்கிறது, இரண்டாவதற்கு அதில் இடமே இல்லை. அந்த மாதிரியை மட்டும் பார்த்து நிறம் எடுத்தவர்கள் பிறகு கூரையைப் பார்த்துத் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

'ஆர்க்கிடெக்சுரல்' என்று விற்கிற இரட்டை அடுக்கு ஷிங்கிள் ஒன்றை முழுதாகக் கையிலெடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். வேய்ந்த பிறகு ஒவ்வொரு வரிசையிலும் வெளியே தெரியப்போவது சுமார் 14 சென்டிமீட்டர்தான். மேலடுக்கின் அந்தப் பகுதி பல்லுப் பல்லாக வெட்டப்பட்டிருக்கும், பற்களின் இடைவெளியில் கீழடுக்கு தெரியும். இரண்டுக்கும் உயர வேறுபாடு சில மில்லிமீட்டர்தான் என்பதால் வெயில் அங்கே போடும் நிழல் தெருவரை எட்டாது. அதனால் பல தயாரிப்புகளில் இடைவெளியின் மேல் ஓரத்தில், மேல்வரிசை வந்து முடிகிற இடத்தை ஒட்டி, இருண்ட குருணையால் ஒரு பட்டை இழுத்துவைக்கிறார்கள். வெயில் போடாத நிழலைக் கல்லால் போட்டுவைத்திருக்கிறார்கள். டொராண்டோவின் நவம்பர் மாதத்தில் நாள் கணக்காகச் சூரியன் தலைகாட்டாமல் வானம் மூடிக்கிடக்கும்போதும் அந்த நிழல் அங்கேயே இருக்கும், கூரையும் தடிப்பாகவே தெரியும். இந்த நிழற்பட்டைபோல ஷிங்கிளில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்றும் இல்லை. நிறம் எடுக்கும்போது அடிநிறத்துக்கும் இந்தப் பட்டைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் கூரை கட்டம் கட்டமாகத் தெரியும், குறைவாக இருந்தால் தட்டையாகிவிடும். நடுத்தரமாக உள்ள கலவைகளே பல ஆண்டுகள் பார்த்தாலும் அலுப்புத் தட்டாமல் நிற்கின்றன.

இந்தப் பல்லும் நிழலும் பார்த்துச் செய்தது சிடார் மரக் கூரையை. மேற்குக் கரையின் சிடாரைப் பிளந்து வேய்ந்த கூரை புதிதில் செம்பழுப்பாக இருக்கும். வெயில் மரத்திலுள்ள லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போக, சில ஆண்டுகளில் வெள்ளிச் சாம்பலாகிவிடும். 'வெதர்வுட்', 'டிரிஃப்ட்வுட்' போன்ற பெயர்களில் வரும் கலவைகள் இதன் நடுப்பருவத்தைப் பிடித்துவைத்திருக்கின்றன. பழுப்பு முழுதும் போகவில்லை, சாம்பல் முழுதும் வரவில்லை. காவி மணியும் வெள்ளை மணியும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது அதற்காகத்தான்.

இனிச் செங்கல். கூரையை இருபது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம், சுவரை மாற்ற முடியாது. டொராண்டோ செங்கல் ஊர். 1889 முதல் 1984 வரை இயங்கிய டான் பள்ளத்தாக்குச் செங்கற்சூளை ஊரின் நடுவிலேயே மண்ணைத் தோண்டிச் சுட்டு நகரத்தைக் கட்டித் தந்தது. இரும்பு மிகுந்த களிமண் வெந்தால் சிவப்பு, சுண்ணாம்பு மிகுந்த களிமண் வெந்தால் இளமஞ்சள். இரண்டு நிறச் சுவர்களையும் இங்கே தெருவுக்குத் தெரு காணலாம். ஒரே சாம்பல் நிற ஷிங்கிளை இந்த இருவகைச் சுவர்மேலும் வேய்ந்தால், சிவப்புச் சுவர்மேல் அது கொஞ்சம் பச்சை தட்டியதுபோலத் தெரியும், மஞ்சள் சுவர்மேல் நீலமோ ஊதாவோ ஓடியதுபோலத் தெரியும். ஷிங்கிளில் பச்சையும் இருக்காது, நீலமும் இருக்காது.

இதற்குக் காரணம் சொன்னவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் செவ்ரேல். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். கறுப்புச் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று முறையீடு வந்தது. நூலைச் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. கறுப்பை வெளிறவைத்தது பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான். ஒரு நிறம் தன் எதிர்நிறத்தைப் பக்கத்திலுள்ளதன்மேல் ஏற்றிவிடும் என்று விளக்கி அவர் 1839இல் ஒரு பெரிய நூலையே வெளியிட்டார். ஷிங்கிளுக்கும் செங்கல்லுக்கும் இடையிலும் இதேதான் நடக்கிறது. சிவப்புச் செங்கல் வீட்டுக்குச் சாம்பல்தான் வேண்டும் என்றால், கொஞ்சம் காவி மணி கலந்த சாம்பலை எடுங்கள். அந்தக் காவி பச்சைச் சாயலைச் சமன்செய்துவிடும், கூரையும் சுவரும் ஒன்றுக்கொன்று உறவாகிவிடும்.

ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் சிலருக்குச் சிவப்புக் கூரைமேல் ஆசை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஓட்டிலும் செங்கல்லிலும் சிவப்பு ஷிங்கிளிலும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடுதான். ஆனால் சிவப்புச் சுவருக்கு மேல் சிவப்புக் கூரை வந்தால் இரண்டு சிவப்பும் ஒத்துப்போகாமல் இழுபறியாகிவிடுகிறது. வெள்ளைச் சாந்து பூசிய சுவருக்கு அது கம்பீரமாக இருக்கும். ஊரிலும் ஓட்டுக்குக் கீழே இருந்தது சுண்ணாம்பு வெள்ளைதானே?

இப்போது தெருவெல்லாம் கறுப்பு. வெள்ளைச் சுவரும் கறுப்புக் கூரையுமாகப் புதிய வீடுகள் எழும்புகின்றன. படத்தில் எடுப்பாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன நிழற்பட்டை கறுப்பில் காணாமல் போய்விடுகிறது. திட்டும் இல்லை, பல்லும் இல்லை, கூரை தட்டையாகிவிடுகிறது. வெயில் கணக்கும் ஒன்று உண்டு. கறுப்பு ஷிங்கிள் தன்மேல் விழும் சூரிய ஆற்றலில் இருபதில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. வெள்ளை ஷிங்கிள்கூடக் கால் பங்குக்குமேல் பெரிதாகப் போவதில்லை. மணிகளின் கரடுமுரட்டில் ஒளி இங்கும் அங்கும் மோதிச் சிக்கிக்கொள்கிறது, இடுக்குகளில் தாரும் தெரிகிறது. பாதி ஆண்டு வீட்டைச் சூடாக்கும் டொராண்டோவில் இதைப் பெரிய விஷயமாக நான் எண்ணுவதில்லை. பரணில் நல்ல வெப்பக்காப்பும் காற்றோட்டமும் இருந்தால் போதும். வெயில் ஊர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை மட்டும் திருப்பியடிக்கும் நிறமிகள் வந்துவிட்டன. அடர்நிறமாக இருந்துகொண்டே அவை குறைவாகச் சூடாகின்றன.

வடக்குச் சரிவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. டிசம்பர் 21 நண்பகலில் டொராண்டோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரம்கூட ஏறுவதில்லை. இங்கே சாதாரணமாகக் காணும் கூரைச் சரிவு 12 அடிக்கு 6 அடி உயர்வது, அதாவது ஏறத்தாழ 27 பாகை. ஆகவே வடக்கு நோக்கிய சரிவில் அந்த நாட்களில் நேர்வெயில் படுவதேயில்லை, வானத்தின் நீல ஒளிதான் படுகிறது. தெற்கு வாசல் வீட்டின் முன்கூரை இளவெயிலில் காவி மின்னிக்கொண்டிருக்க, எதிர்வரிசை வீட்டின் முன்கூரை அதே ஷிங்கிளில் குளிர்ந்த சாம்பலாக நிற்கும். வடக்கு வாசல் வீட்டுக்காரர் கொஞ்சம் சூடான கலவையை எடுப்பது நல்லது.

மழையில் எல்லாக் கலவையும் ஒரு படி இருளும். பழைய கூரைகளின் வடக்குப் பக்கத்தில் கரிய தாரைகள் இறங்கியிருப்பதும் காணலாம். அவை அழுக்கல்ல, கிளியோகாப்சா மாக்மா என்ற நுண்ணுயிரி. அதைத் தடுக்கச் செப்பு கலந்த மணிகளையும் சேர்த்துத் தூவுகிறார்கள். வெளிர்நிறக் கூரை விரும்புகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

எங்கள் கூரையை வேய்ந்த தம்பி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் மாதிரிகளைச் சன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "அக்கா, இந்தத் துண்டை நம்பாதேங்கோ. நாங்கள் இதே நிறத்தில வேய்ஞ்ச வீடு ரெண்டு சொல்லுறன். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா காரில போய்ப் பாருங்கோ" என்றார். இதைவிட நல்ல அறிவுரையை நான் கேட்டதில்லை. அவரிடம் வேறொன்றும் கவனித்தேன். கட்டுகளை வந்த வரிசையிலேயே பிரிக்காமல், நாலைந்து கட்டுகளை ஒன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி எடுத்தார். ஆலையிலிருந்து வரும் கட்டுக்குக் கட்டு நிறம் ஒரு இழை வேறுபடும். வரிசையாக வைத்தால் அது பட்டையாகத் தெரிந்துவிடும், விரவி வைத்தால் கலவைக்குள் கலவையாகிவிடும்.

முகட்டை மறந்துவிடாதீர்கள். முகட்டுக்குத் தனி ஷிங்கிள் வைத்து மடித்து ஆணியடிப்பார்கள். அது சில சமயம் ஒற்றை நிறத்தில் வரும். கூரை வானத்தைத் தொடும் கோடு அதுதான், கண் முதலில் போவதும் அங்கேதான். கீழே அத்தனை கலவையும் விரிந்துகிடக்க, மேலே ஒரு தட்டையான பட்டை ஓடினால் எல்லாம் கெட்டுவிடும். அதே கலவையில் முகட்டு ஷிங்கிள் உண்டா என்று, விலை பேசும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.