மயிலாடுதுறை: ஒரு தாமதமான திருத்தம்

மயிலாடுதுறை 38-வது மாவட்டமானதை நிர்வாகப் பரவலாக்கம்னு பாராட்டி எழுதுறாங்க. எனக்கென்னவோ அது ஒரு பழைய தவறைத் தாமதமாகத் திருத்தியதாகவே படுகிறது.

1991-ல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தபோது நாகப்பட்டினம் மாவட்டம் ஒரே நிலமாகத்தான் இருந்தது. 1997-ல் நன்னிலம் பக்கமெல்லாம் திருவாரூர் மாவட்டத்துக்குப் போனதும் அது இரண்டு துண்டானது. வடக்கே சீர்காழி, மயிலாடுதுறை. தெற்கே நாகை, வேதாரண்யம். நடுவில் கடலோரமாகப் புதுச்சேரியின் காரைக்கால். சீர்காழிக்காரர் ஒருவர் ஆட்சியரிடம் மனு கொடுக்கணும்னா காரைக்கால் வழியா போகணும், இல்லாட்டி திருவாரூர் மாவட்டத்துக்குள்ள புகுந்து போகணும். சொந்த மாவட்டத் தலைமையிடத்துக்கு! வரைபடத்தைப் பார்த்தவர் யாருக்கும் இது தெரிந்திருக்கும். ஆனாலும் 2020 டிசம்பர் வரை அப்படியே ஓடியது.

இப்போது சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடி, குத்தாலம் என நான்கு வட்டங்களும் கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒட்டியபடி இருக்கின்றன. பட்டா, சான்றிதழ் அலைச்சல் குறைந்தது நிஜம், மறுக்கலை. ஆனா இது காவிரியின் கடைமடை. பூம்புகாரில் ஆறு கடலில் சேருது. மேட்டூர் இருப்பது சேலம் மாவட்டத்தில், கல்லணை தஞ்சாவூரில். குறுவைக்குத் தண்ணி வரலைன்னு புது ஆட்சியரிடம் மனு கொடுத்தாலும், மதகைத் திறக்கிற முடிவு மேலேதான் எடுக்கணும்.