எடைக்கு அடங்காத இடங்கள்

தனிம வரிசை அட்டவணையில் 18-ஆம் இடம் ஆர்கானுக்கு, 19-ஆம் இடம் பொட்டாசியத்துக்கு. ஆனால் ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் நிறையோ 39.10. கனமானது முன்னால் நிற்கிறது. மெண்டலீஃப் 1869-இல் தனிமங்களை எடைப்படி அடுக்கினார் என்று மட்டும் படித்தவருக்கு இந்த இடம் உறுத்த வேண்டும். பாடநூல்கள் இத்தகைய உறுத்தல்களைக் கடைசிப் பத்தியில் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகின்றன. அணுவைப் பற்றிய நம் அறிவு வளர்ந்ததே அந்த விதிவிலக்குகளின் வழியாகத்தான்.

மெண்டலீஃப் அறிந்திருந்தவை 63 தனிமங்கள். எடையும் குணமும் முரண்பட்டபோது அவர் குணத்தின் பக்கம் நின்றார். டெலூரியம் அயோடினைவிடக் கனமானது. இருந்தும் அயோடினைக் குளோரின், புரோமினோடு சேர்த்து, டெலூரியத்தை அதற்கு முன்னால் வைத்தார். டெலூரியத்தின் எடையை அளந்ததில் பிழை இருக்கும் என்று நம்பினார். பிழை ஏதும் இல்லை. அவர் கொடுத்த இடமும் சரியானதே. 1894-இல் ராலேயும் ராம்சேயும் கண்ட ஆர்கானை அவரால் எளிதில் ஏற்க முடியவில்லை. மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்குமோ என்று ஐயுற்றார்.

முடிச்சை அவிழ்த்தவர் மோஸ்லி என்ற இளைஞர். 1913-இல் ஒவ்வொரு தனிமமும் உமிழும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். அதன் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சம அளவில் ஏறியது. அப்படி ஏறுவது அணுக்கருவின் நேர்மின்சுமை. எடையில் சற்று மிகுந்த கோபால்ட் நிக்கலுக்கு முன்னால் வந்ததன் நியாயம் விளங்கியது. 43, 61, 75 ஆகிய இடங்கள் காலியாக இருப்பதையும் அவரால் எண்ணிச் சொல்ல முடிந்தது. இரண்டே ஆண்டில், 27 வயதில், கலிப்போலிப் போர்க்களத்தில் அவர் கொல்லப்பட்டார். அறிவியல் அன்று இழந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆர்கானுக்கு அந்த எடை எப்படி வந்தது? பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 கதிரியக்கத்தால் சிதையும்போது ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகிறது. நம் காற்றிலுள்ள ஆர்கானில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இப்படிப் பிறந்ததுதான். பொட்டாசியத்திலோ நிறை எண் 39 கொண்ட அணுக்களே பெரும்பாலானவை. ஆக, எடை ஒரு தனிமத்தின் பழைய வரலாற்றைச் சுமக்கிறது. அது எந்தத் தனிமம் என்பதை மின்சுமையே முடிவு செய்கிறது.

அயனிகளில் இது இன்னும் தெளிவு. குளோரின் ஓர் எலக்ட்ரானைப் பெற்றுக் குளோரைடு ஆகிறது. பொட்டாசியம் ஒன்றை இழந்து நேரயனி ஆகிறது. இரண்டிலும், நடுவில் நிற்கும் ஆர்கானிலும், எலக்ட்ரான்கள் 18. கருவின் மின்சுமை மட்டும் 17, 18, 19. அந்த வேறுபாட்டால் குளோரைடு பருத்தும் பொட்டாசியம் அயனி சிறுத்தும் இருக்கின்றன. ஆர்கான் எதனோடும் சேராமல் தனித்திருக்க, மற்ற இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து உப்பாகின்றன.

உப்புகள் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தின் வித்து அரீனியஸின் 1884-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இருக்கிறது. உப்சாலா பல்கலைக்கழகம் அதற்கு மிகத் தாழ்ந்த தரமே கொடுத்தது; 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கருத்தை விடாமல் எதிர்த்தவர்களில் மெண்டலீஃபும் ஒருவர். எலக்ட்ரானையும் அவர் ஐயத்தோடுதான் பார்த்தார். குணத்தை நம்பி அவர் அமைத்த வரிசைக்குக் காரணம் சொல்ல அவ்விரண்டும் இல்லாமல் முடியாது. மோஸ்லியின் அளவீடுகள் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1907-இல், அவர் மறைந்தார்.