பெட்டி ஒருமுறை விற்கும், பில் மாதாமாதம் வரும்: நிட்டிங் மெஷினுக்கு மூன்று ஆப் தளங்கள்

அவிநாசி வட்டாரத்தில் ஜாப் ஒர்க் எடுக்கும் நிட்டிங் யூனிட்டுகளுக்குக் கூலி கிலோ கணக்கில்தான். மெஷின் நின்றால் கூலியும் நின்றது. நூல் அறுந்தோ ஊசி உடைந்தோ இரவு ஷிஃப்டில் எவ்வளவு நேரம் போனது என்பது காலையில் ரோலை எடை போடும்போதுதான் முதலாளிக்குத் தெரிகிறது. அதை அப்போதே போனில் சொல்லும் பெட்டி செய்வது இன்று எளிது. ஒரு ஈஎஸ்பி32 போர்டு, சிலிண்டரின் சுற்றை எண்ணும் பிராக்ஸிமிட்டி சென்சார், 24 வோல்ட் சிக்னல் 3.3 வோல்ட் போர்டைத் தாக்காமல் காக்க ஓர் ஆப்டோகப்ளர், இவை போதும். இளம் நிறுவனங்கள் திணறுவது இதற்கு அடுத்த கட்டத்தில், ஆப்பில். அப்படி ஒரு பெட்டியை மெஷினில் மாட்டி மூன்று தளங்களில் ஓட்டிப் பார்த்தேன்.

பிளிங்க்

வேகத்தில் இதுதான் முதலிடம். மீட்டர், வரைபடம், எச்சரிக்கை எல்லாவற்றையும் போன் திரையிலேயே இழுத்து வைத்து ஆப்பை உருவாக்கிவிடலாம். வாடிக்கையாளரிடம் மாதிரி காட்ட அருமையானது. ஆனால் உங்கள் பெயரிலும் லோகோவிலும் ஆப் வேண்டுமென்றால் விலை கூடிய திட்டத்துக்குப் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டித் தொடங்கிய அதன் முதல் தலைமுறை, 2022 முடிவில் நிறுத்தப்பட்டது. புதிய தளத்துக்கு மாற, பெட்டிக்குள் இருக்கும் ஃபர்ம்வேரையும் மாற்ற வேண்டியிருந்தது.

ரெயின்மேக்கர்

ஈஎஸ்பி32 சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் 2020-ல் கொண்டுவந்தது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் புளூடூத் வழியே வைஃபை விவரம் பெட்டிக்குள் போய்விடுகிறது, ஃபிட்டரே மாட்டிவிடலாம். ஆப்பின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. குறை, அதன் திரைகள் லைட், ஃபேன், சுவிட்ச் போன்ற வீட்டுச் சாதனங்களை மனத்தில் வைத்தவை. ஷிஃப்ட் வாரியான உற்பத்திக் கணக்கை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். சோதனைக்கு இலவசம், விற்பனைக்கு இறங்கினால் சொந்த அமேசான் கிளவுட் கணக்கில் தனியாக நிறுவ வேண்டும்.

திங்ஸ்போர்டு

தொழிற்சாலைக்குப் பொருத்தமானது. அப்பாச்சி உரிமத்தில் வரும் கம்யூனிட்டி பதிப்புக்குக் கட்டணம் இல்லை. மெஷின் வாரியான டாஷ்போர்டும் எச்சரிக்கை விதிகளும் நன்றாக அமைகின்றன. ஆனால் சர்வர், பேக்கப், பாதுகாப்பு மூன்றும் உங்கள் தலையில். லினக்ஸ் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள்.

கணக்கு

ரெயின்மேக்கரைச் சொந்தக் கணக்கில் நிறுவும்போது செய்திகளைக் கையாளும் அமேசான் ஐஓடி கோர், அமெரிக்கக் கிழக்கு மண்டல விலைப்பட்டியலில் 10 லட்சம் செய்திக்கு 1 டாலர் வாங்குகிறது. 100 மெஷின்கள் நொடிக்கு ஒரு செய்தி அனுப்பினால் 30 நாளில் 25.92 கோடி செய்தி, ஏறக்குறைய 259 டாலர். நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினால் 43.2 லட்சம் செய்தி, 4.32 டாலர். சுற்றுகளைப் பெட்டியே எண்ணிக் கூட்டி, நிமிடக் கணக்கையும் நின்ற செய்தியையும் மட்டும் அனுப்பினால் போதும். இந்தச் சேமிப்பு ஃபர்ம்வேர் எழுதுபவர் கையில் இருக்கிறது. சொந்த ஆப் என்றால் கூகுள் பிளேவுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் சேரும்.

இதைவிடக் கனமான செலவு, தளமே மூடப்படுவது. கூகுள் தன் ஐஓடி கோரை 2023 ஆகஸ்ட் 16-ல் நிறுத்தியது. அத்தனை பெரிய நிறுவனமே கைவிடும் என்றால், விற்ற பெட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றும் வழியை முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

என் பரிந்துரை

மாதிரி காட்ட பிளிங்க், விற்க திங்ஸ்போர்டு. பெட்டி பேசும் சர்வர் முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருக்கட்டும். தளம் மாறினாலும் முகவரி மாறாது. தொலைவிலிருந்தே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் வசதி முதல் பெட்டியிலேயே வேண்டும். நெட் போனாலும், மெஷின் நின்றால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஆண்டுக் கட்டணத்தை முதல் பில்லிலேயே தனி வரியாகப் போடுங்கள். ஆயுளுக்கும் ஆப் இலவசம் என்று சொல்லி விற்றால், விற்கும் ஒவ்வொரு பெட்டியும் கடனாகத்தான் சேரும். நின்ற மெஷினை உடனே ஓட்டவைக்கும் பெட்டிக்கு ஆண்டுக் கட்டணம் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.