தோற்ற கோவலனும் சிரித்த கண்ணகியும்

தெய்வத்தைப் பார்த்துச் சிரிப்பது பக்தி தளர்ந்த காலத்தின் அறிகுறி என்று கருதுவோர் நம்மிடையே பலர். வட ஐரோப்பாவின் பழங்கதைகளைப் பற்றியும் அறிஞர் சிலர் இவ்வாறே கூறினர். இடிக்கடவுள் தோர் தன் சம்மட்டியைப் பறிகொடுக்கிறான். அதை மீட்க மணப்பெண் வேடம் பூண்டு அரக்கன் வீட்டுக்குச் சென்று, விருந்தில் ஒரு முழுக் காளையையும் எட்டு மீன்களையும் தனியே விழுங்கித் தீர்க்கிறான். இப்பாடல் நமக்குக் கிடைத்திருப்பது ஐஸ்லாந்தின் 13ஆம் நூற்றாண்டு ஏடொன்றில். அந்நாடு கிறித்தவத்தைத் தழுவி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்திருந்த காலம் அது. ஆகவே பழைய தெய்வங்களை எள்ளி நகையாடவே இது புனையப்பட்டது என்பது அவர்கள் வாதம்.

மட்டக்களப்பு வாவிக்கரையின் வழிபாட்டை அறிந்தவர் இவ்வாதத்தை எளிதில் ஏற்கமாட்டார். இங்கே கண்ணகை அம்மனின் சீற்றத்துக்கு அஞ்சாத ஊர் இல்லை. அம்மை நோயும் வறட்சியும் அவள் கோபம் என்று நம்பி, வைகாசியில் குளிர்த்தி பாடி அவளைக் குளிர்விக்கும் மக்கள் இவர்கள். அதே மக்கள் அவள் பெயரால் ஆடிய விளையாட்டுத்தான் கொம்பு முறித்தல். வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இவ்விளையாட்டுக்கு உரிய இடம் தந்துள்ளது.

இதன் பிறப்புக்கு ஊரார் கூறும் கதை இது: கோவலனும் கண்ணகியும் சண்பகப் பூக் கொய்யச் சென்றார்கள். இருவர் கொக்கத்தடிகளும் மரக்கிளையில் சிக்கிக்கொண்டன. ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கணவனின் தடி முறிந்தது. மனைவி கைகொட்டிச் சிரித்தாள்.

சிலப்பதிகாரத்திலும் கண்ணகி முறுவலிக்கிறாள். பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு நாணி நிற்கும் கணவனிடம், சிலம்பு இருக்கிறது, கொள்க என்று கூறும் வேளையில்! கொடுப்பவளின் முறுவல் அது. கணவனின் குற்றத்தை மூடும் முறுவல். நம் பண்டிதர்கள் போற்றிக் கற்பிப்பதும் அதைத்தான். வாவிக்கரை உழவனும் மீனவனும் கண்ட கண்ணகியோ வென்றவள், வென்றதை மறைக்காதவள். கற்பின் சின்னமாக மேடைதோறும் நிறுத்தப்படும் பெண்ணுக்கு இந்தச் சிரிப்பை மீட்டுக் கொடுத்தவர்கள் எழுத்தறியா மக்களே. சிங்கள மக்களும் பத்தினித் தெய்யோவின் பெயரால் அங்கெலிய என்று இதே ஆட்டத்தை ஆடினார்கள். பூக்கொய்த கதையும் அவர்களிடம் உண்டு. இரு மொழியாரும் ஒரே தெய்வத்தோடு சேர்ந்து சிரித்திருக்கிறார்கள் என்பதை நம் பாடநூல்கள் ஏன் சொல்வதில்லை?

ஆயினும் நாட்டார் சிரிப்பு அனைத்தையும் முற்போக்கு என்று கொண்டாடும் புதிய மோகத்துக்கு நான் உடன்பட முடியாது. கொம்பு விளையாட்டில் தோற்ற கட்சியார் மீது பொழியப்படும் வசை பல வேளைகளில் பெண்ணுடலையே ஏசும். இதே மண்ணின் கூத்துக் களரியைப் பாருங்கள். அரசன் கம்பீரமாக வருகிறான். அவன் ஆணையைச் சாற்ற வரும் பறையறைவோனோ நகைப்புக்குரியவனாக வருகிறான். களரியைச் சுற்றி இருப்போர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தப் பறையை நாள்தோறும் முழக்கிச் சாவீட்டிலும் கோயிலிலும் ஊழியம் செய்தவனின் மகனும் அக்கூட்டத்தின் ஓரத்தில் இருந்திருப்பான் அல்லவா? அவன் எதைக் கண்டு சிரித்திருப்பான்?

வடபுலத்தாரின் கதையிலும் இந்தக் கறை உண்டு. மனித வேடத்தில் ஊர் சுற்றும் தெய்வம் ஒன்று மூன்று வீடுகளில் தங்கி, அடிமை, குடியானவன், பிரபு என்னும் மூன்று குலங்களைத் தோற்றுவிக்கிறது. பிரபுவின் பிள்ளைக்கு ஒளிரும் கண்கள். அடிமையின் பிள்ளைக்குக் கூனல் முதுகும் கரடுதட்டிய கைகளும். அவன் மக்களுக்கு ‘நாற்றம் பிடித்தவன்’ என்பது போன்ற பெயர்கள். பெண் வேடமிட்ட தோரைக் கண்டு சிரித்த அதே அவையோர்தாம் இதற்கும் சிரித்திருப்பார்கள்.