திரிசடை என்றொரு கப்பல்

திரிசடை யார்?

‘அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள், விபீஷணன் மகள்’ என்று டக்கென்று சொன்னீர்களானால் நீங்கள் கம்பராமாயணப் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர். ‘ஒரே நேரத்தில் நிறைய அம்பு விடுமே, அந்தக் கப்பல்தானே?’ என்று கேட்டீர்களானால் நீங்கள் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆடுகிறவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் கொஞ்சம் சிக்கல். அரைமணி நேரம் பேசியும் வேறு வேறு திரிசடையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் போகும்.

கம்ப்யூட்டரில் போர் நடத்தும் விளையாட்டுகளில் இது மூத்தது. இரண்டாம் பாகம் 1999-ல் வந்தது. மரம் வெட்டி, தங்கம் தோண்டி, ஊர் கட்டி, படை திரட்டி, பக்கத்து ராஜாவை ஒழித்துக்கட்டுவதுதான் ஆட்டம். கடல் இருக்கும் வரைபடத்தை எடுத்தீர்களென்றால் மொத்தமும் கப்பல் சண்டை. ஆரம்பத்தில் நமக்கு அதில் இடமே இல்லை. 2013-ல் ‘இந்தியர்கள்’ என்று மொத்தமாக ஒரு சீட்டு கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் அதைப் பிரித்து இந்துஸ்தானியர், வங்காளிகள், கூர்ஜரர், திராவிடர் என்று நான்காக்கினார்கள். நமக்கு 1956-ல் நடந்த மாநிலப் பிரிவினை அங்கே 2022-ல் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திராவிடர் என்றதும் கழகமா என்று கேட்காதீர்கள். கொடி கிடையாது, பொதுக்கூட்டம் கிடையாது. காலாட்படையும் கடற்படையும் பலம். குதிரைப்படை சுத்த நோஞ்சான். இதைப் பார்த்து ரோஷப்படுகிறவர்கள் மார்க்கோ போலோவைப் படிக்கலாம். பாண்டிய நாட்டில் கொள்ளைக் காசு கொடுத்துக் கப்பலில் குதிரை இறக்குகிறார்கள், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போகின்றன என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ராஜேந்திர சோழன் பெயரில் தனி ஆட்டத் தொடரும் இருக்கிறது. வீரன் மேல் க்ளிக் பண்ணினால் தமிழில் பதில் சொல்கிறான்.

அந்தத் திராவிடர்களுக்கான விசேஷக் கப்பல்தான் திரிசடை. சோழர் கப்பல் வகைகள் என்று ஒரு பட்டியல் இணையத்தில் பல வருஷமாகச் சுற்றுகிறது, அதில் இந்தப் பெயரும் உண்டு. ஆனால் 1025 வாக்கில் நடந்த கடாரப் படையெடுப்பைச் சொல்லும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடலில் பல கலங்களை அனுப்பினான் என்பதோடு கப்பல் விஷயத்தை முடித்துக்கொள்கிறது. பிடித்த ஊர்களை வரிசையாகச் சொல்கிறது, கடாரத்து அரசனின் யானைகளைக் கைப்பற்றியதைச் சொல்கிறது. எத்தனை கப்பல், எத்தனை பாய்மரம், என்ன பெயர் என்று மூச்சுவிடவில்லை. 2025-ல் வந்த ‘சிவிலைசேஷன்’ ஏழாம் பாகத்திலும் சோழர்கள் இருக்கிறார்கள். அதில் கப்பலுக்குக் ‘கலம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று வணிகக் குழுக்களின் பெயரைக் கட்டடங்களுக்கு வைத்திருக்கிறார்கள். பி.காம் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது பிடித்தது. இதை உருவாக்கியவர்கள் பாடப் புத்தகம் புரட்டியிருக்கிறார்கள், அவர்கள் இணையம் புரட்டியிருக்கிறார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இதில் சிரிப்பதற்கு எக்கச்சக்கமான இடங்கள் உண்டு. கரையில் ஒரு துறவி நின்றுகொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். கடலில் போகும் எதிரிக் கப்பல் கொஞ்ச நேரத்தில் நிறம் மாறி நம் கப்பலாகிவிடும். சண்டை கிடையாது, சேதாரம் கிடையாது. நம் ஊரில் இதைத் தடுக்க 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் போட்டார்கள். அந்தக் கடலில் சட்டம் இல்லை, அதனால் சூட்கேஸ் செலவும் இல்லை.

காற்று கிடையாது. பாய் விரித்த கப்பல் எந்தத் திசையிலும் ஒரே வேகத்தில் போகும். சோழனாக இருந்தால் வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று என்று நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இங்கே மௌஸ்தான் பருவக்காற்று. மீன்பிடிப் படகுகள் பாவப்பட்ட ஜென்மங்கள். எதிரிப் போர்க்கப்பல் நின்று அடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கே மறுபடியும் மறுபடியும் வலை வீசப் போகும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்காரர்கள் சிரிப்பார்களா என்பது சந்தேகம்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது யானை. ஆள் ஏற்றிப்போகும் கப்பல் ஒன்று உண்டு. மேம்படுத்தினால் இருபது உருப்படி ஏறும். உருப்படி என்றால் ஆளும் ஒன்று, யானையும் ஒன்று. இருபது யானைகளை வரிசையாக நிறுத்தி ஒரு படகில் ஏற்றிக் காட்டினான் என் அக்கா மகன். படகு அசையவில்லை. அக்கரையில் இறங்கும்போது யானைகள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குவது மாதிரி ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன.

இதிலே ஒரு விசேஷம். யானையைக் கப்பலில் ஏற்றுவது விளையாட்டுக்காரர்கள் செய்த கோமாளித்தனம் இல்லை. ஈழத்து யானைகளைப் படகில் ஏற்றி எதிர்க்கரையில் கலிங்க ராஜாவுக்கு விற்றதாகப் பழைய கிரேக்கக் குறிப்பே இருக்கிறது. எண்ணிக்கைதான் கொஞ்சம் அதிகம், விஷயம் நிஜம். நம்பவே முடியாத பெரிய பொய் அந்த ஆட்டத்தில் வேறொன்று இருக்கிறது. நானும்தான் அத்தனை ஆட்டம் பார்த்தேன். ஆனால் அதைக் கேட்டது அத்தான்.

அக்கா வீடு சிவகாசியில். அத்தான் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். தீபாவளி முடிந்ததும் ஆலைகளைச் சில வாரம் மூடிவிட்டுப் பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். அந்த ஓய்வு நாட்களில்தான் குட்டி ஜப்பானில் அப்பாக்களைப் பகலில் வீட்டில் பார்க்கலாம். கடல் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில், கூடத்துக் கம்ப்யூட்டரில் மருமகன் கடற்போர் நடத்திக்கொண்டிருந்தான். அத்தான் பேப்பரை மடித்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார்.

மருமகன் ஒரு சின்னப் படகைக் கட்டி அனுப்பினான். நேராகப் போய் எதிரிக் கப்பல் கூட்டத்தில் மோதி டமால் என்று வெடித்தது. மூன்று கப்பல் காலி. ‘டெமாலிஷன் ஷிப்’ என்று பெயர். வெடிக் கப்பல்.

“இதை யாருடா ஓட்டிட்டுப் போறா?” என்றார் அத்தான்.

“யாரும் ஓட்ட வேண்டாம்ப்பா. க்ளிக் பண்ணா தானாப் போயி வெடிக்கும்.”

“தானாப் போயி தானா வெடிக்குமா? அப்ப திரியில யாரு தீ வைக்கா?”

“அதுல ஆளே கிடையாதுப்பா!”

“உள்ள எத்தனை கிலோ மருந்து? யாரு அடைச்சா?”

பையனுக்குப் பதில் தெரியவில்லை. என்னைப் பார்த்து, “மாமா, நீங்க சொல்லுங்க” என்றான். எனக்கும் தெரியவில்லை. அத்தான் விடவில்லை. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக்கூடாது, கதவை அடைத்து எதுவும் போடக்கூடாது என்று வருஷம் முழுக்க கத்திக்கொண்டிருக்கிற மனிதர். அவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

அன்று ராத்திரி நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். நான் ஆடிய பதிப்பில் வெடிக் கப்பலின் விலை 70 மரம், 50 தங்கம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது மூன்று தலைப்பு: மூலப்பொருள், கூலி, மேற்செலவு. இங்கே மூலப்பொருள் இருக்கிறது. கூலி என்ற தலைப்பே இல்லை. இத்தனைக்கும் இந்த விளையாட்டு ஆளுக்குக் கணக்கு வைக்காத விளையாட்டும் இல்லை. வயலில் வேலை செய்யும் ஒரு கிராமத்து ஆள் வேண்டுமென்றால் 50 உணவு செலவழிக்க வேண்டும். காலாட்படை வீரனுக்கும் உணவு வேண்டும். கப்பலுக்கு மட்டும் ஒரு பருக்கை சோறு வேண்டாம். துடுப்புப் போடுகிறவன், பாய் இறக்குகிறவன், அம்பு விடுகிறவன் எல்லாரும் பட்டினி. வீரனை க்ளிக் பண்ணினால் தமிழ் பேசுகிறான் என்றேன் இல்லையா? கப்பலை க்ளிக் பண்ணிப் பாருங்கள், மனிதக் குரலே வராது.

மக்கள்தொகைக் கணக்கு என்று திரையில் ஒரு எண் ஓடும். வழக்கமான உச்சவரம்பு 200. அதில் உழவன் ஒன்று, யானை ஒன்று, திரிசடையும் ஒன்று. வெடிக் கப்பலும் ஒன்று. மறுநாள் இதைச் சொன்னதும் அத்தான், “ஓஹோ, அதுவும் ஒரு தலைக்கட்டா?” என்றார். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிற மாதிரி. வெடிக் கப்பல் வெடித்ததும் 153 என்பது 152 ஆகும். மரமும் தங்கமும் இருந்தால் அடுத்த நிமிஷமே மறுபடியும் 153.

நிஜத்தில் வெடிக் கப்பல் அத்தனை சுலபமான சமாச்சாரமாக இருந்ததில்லை. 1585-ல் ஆன்ட்வெர்ப் நகரத்தை ஸ்பானியர்கள் முற்றுகையிட்டு ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிவிட்டார்கள். நகரத்துக்காரர்களுக்கு ஜியானிபெல்லி என்ற இத்தாலிய பொறியாளர் இரண்டு கப்பல்களில் வெடிமருந்தை நிரப்பிக் கொடுத்தார். ஒன்றில் மெதுவாக எரியும் திரி. இன்னொன்றில் கடிகார இயந்திரம். கடிகாரம் வைத்த கப்பல் பாலத்தில் வெடித்து நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1588-ல், ஆங்கிலேயர்கள் எட்டுத் தீக்கப்பல்களை ஸ்பானியக் கப்பற்படை மேல் ஏவினார்கள். ஒவ்வொன்றிலும் ஆள் இருந்தான். காற்று பார்த்துச் செலுத்தி, கொளுத்திவிட்டு, கடைசி நேரத்தில் சின்னப் படகில் குதித்துத் தப்ப வேண்டும். அந்தத் தீயில் ஒரு ஸ்பானியக் கப்பல்கூட எரியவில்லை. பயத்தில் நங்கூரக் கயிறுகளை வெட்டிவிட்டு ஓடியதிலேயே அவர்கள் அணிவகுப்பு சிதறியது. திரி எவ்வளவு நீளம், எப்போது குதிப்பது என்ற கவலையெல்லாம் போரின் சுவாரஸ்யமான பாதி. ஆட்டத்தில் அதைத் தூக்கிவிட்டு டமாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

“விளையாட்டுதானே சார், இதையெல்லாமா பார்ப்பார்கள்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காற்று இல்லாததை நான் மன்னித்துவிட்டேன், துறவியை ரசித்தேன், யானையை உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். அவையெல்லாம் ஆட்டத்தை வேகமாக்கச் செய்த சுருக்குவழிகள். ஆனால் வெடிக்கிற பொருளில் ஆளே இல்லை என்பது வேறு ஜாதி. சிவகாசியில் உட்கார்ந்து பார்க்கும்போது அது சுருக்குவழியாகத் தெரியவில்லை. பட்டாசு வாங்குகிற நாமும் அந்த விளையாட்டைத்தான் ஆடுகிறோம். கிஃப்ட் பாக்ஸ் மேல் படம் இருக்கும், விலை இருக்கும், எத்தனை பீஸ் என்று இருக்கும். ஆள் இருக்கமாட்டான்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஒரு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் செத்தார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். எந்த ஆலையின் சம்பள நோட்டிலும் அவர்கள் பெயர் இருந்திருக்காது. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். நடுவிலும் பின்னாலும் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. ஒவ்வொரு முறையும் மருந்தில் உராய்வு என்று செய்தி வரும், நிவாரணத் தொகை வரும், எண் ஒன்று வரும்.

அதனால் இந்த விளையாட்டை ஆடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தாராளமாக ஆடுங்கள். சோழர்களை வாளோடு மட்டும் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அவர்களைக் கடலில் பார்க்கக் கொடுத்த வகையில் நல்ல விளையாட்டு. அடுத்த பதிப்பு போடும்போது கப்பல் ஒன்றுக்குப் பத்து உணவாவது விலையில் சேர்க்கட்டும், வெடிக் கப்பலிலிருந்து குதித்து நீந்தி வர ஒருத்தனை வைக்கட்டும். அவன் கரை சேர்ந்தால்தான் கணக்கில் 153 நிற்கும் என்று ஆக்கினால் ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கும். இது என் வியாபார ஆலோசனை, ஃபீஸ் கிடையாது.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அத்தானும் ஒரு ஆட்டம் ஆடினார். திரிசடை கட்டவில்லை, வெடிக் கப்பல் கட்டவில்லை. வரிசையாக மீன்பிடிப் படகுகளாகக் கட்டித் தள்ளினார். அரைமணி நேரத்தில் எதிரி வந்து அத்தனையையும் மூழ்கடித்துவிட்டுப் போனான். எத்தனை படகு போனது என்று மருமகன் சிரித்துக்கொண்டே கேட்டதற்கு, அவர் எண்ணி வைத்திருந்தார். பதினெட்டு.